துறைமுகப் பெயரும் குறியீடும்

கண்டி மாநகரைச் சூழ்ந்திருப்பது மலையேயன்றிக் கடலன்று. நகரின் நடுவே விளங்கும் வாவியும் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் அமைப்பிக்கத் தொடங்கியதேயாம். எனினும், கடலைக் காணாத இந்நகரின் வாழ்வு 150 ஆண்டுகளுக்கு மேலாகக் கடலோடு பிணைந்துள்ளது. அவ்வாறு பிணைத்தது தேயிலை.

கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் என்பார் 1867ஆம் ஆண்டில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். அதே ஆண்டில் கொழும்பிலிருந்து புகையிரதப் பாதை கண்டியை வந்தடைந்தது. அதுகாறும் கடுகண்ணாவைக் கணவாய் வழியாக மாட்டு வண்டிகளில் இறங்கிய மலைநாட்டு விளைபொருள், இருப்புப் பாதையில் விரைந்து இறங்கலாயிற்று. 1873ஆம் ஆண்டில் இலங்கைத் தேயிலை முதன்முதலாக இலண்டன் சென்றபோது அதன் நிறை 23 இறாத்தலே. பின்னர், 1875ஆம் ஆண்டில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவர் 1885ஆம் ஆண்டில் நிறைவெய்த, கொழும்பு பெருந்துறைமுகமாயிற்று. அதற்கு முன் கப்பல்கள் பெரிதும் நாடி நின்ற காலி பின்தங்கியது. தேயிலையும் கப்பலும் ஒருங்கே பெருகின.

அக்காலத்தில் தேயிலைப் பெட்டியின் பலகைமேல் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், நிறை ஆகியவை தகட்டு அச்சினால் மையிட்டுப் பொறிக்கப்பட்டன. பெட்டியைத் தூக்குவோன், எண்ணுவோன், கப்பலில் அடுக்குவோன் ஆகிய யாவரும் அவ்வெழுத்தைக் கண்டே பெட்டியை இன்னதென்று அறிந்தனர். எழுத்துப் பிழைத்தால் பெட்டியும் வழி பிழைக்கும்.

இன்று பெட்டியின் இடத்தைக் கொள்கலன் பெற்றுவிட்டது. பலகைமேல் எழுதிய எழுத்தின் இடத்தைக் கணினியில் எழுதும் எழுத்து பெற்றுவிட்டது. ஏற்றுமதியாளரின் சரக்கைப் பொறுப்பேற்று, லொறிக்கும் கப்பலுக்கும் இடம் ஒழுங்கு செய்து, சுங்கத்திற்கு வேண்டிய பத்திரங்களை நிரப்பி அனுப்பும் முகவர் நிலையங்கள், இத்தொழிலுக்கென அமைந்த மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அம்மென்பொருளில் ஒரு சரக்கையேனும் பதிவதற்கு முன்னர்ச் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. சரக்கு புறப்படும் துறைகள், இறங்கும் துறைகள், இடையே மாற்றி ஏற்றும் துறைகள் ஆகிய அனைத்திற்கும் ஒரு பதிவேடு அமைத்தலே அது. பார்வைக்கு இது சிறிய வேலை. ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி வைக்கும் எழுதுவினைஞர் வேலை எனவே தோன்றும். ஆயினும், பின்னர் எழுதப்படும் ஒவ்வொரு பத்திரமும் இப்பதிவேட்டிலிருந்தே தன் இடப்பெயரை எடுத்துக்கொள்ளும். இங்கு நேரும் ஒரு பிழை, ஒரு நூறு பத்திரங்களில் ஒரு நூறு பிழைகளாகப் பெருகும்.

ஊர்ப் பெயரை எழுதுவதில் என்ன இடர்ப்பாடு என்று நேயர்கள் வினவலாம். கண்டியையே எடுத்துக்கொள்வோர் அதனை எளிதில் உணர்வர். தமிழர் கண்டி என்பர்; சிங்களவர் மகநுவர என்பர்; பழைய வரலாறு செங்கடகல என்னும். மூன்றும் ஒரே நகர். மூவர் மூன்று பெயரில் பதிந்தால், கணினி அவற்றை மூன்று ஊர்களாகவே கொள்ளும்; ஆண்டு முடிவிற் கணக்குப் பார்ப்பவர் ஓரூரின் சரக்கை மூன்று பகுதிகளாகச் சிதறிக் காண்பார். மனிதனுக்குத் தெரிந்த ஒற்றுமை கணினிக்குத் தெரியாது. அதற்கு யாரேனும் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

இதற்கு எதிரான இடர்ப்பாடும் உண்டு. அங்கே ஓரூருக்குப் பல பெயர். இங்கே ஒரு பெயருக்குப் பல ஊர். திரிப்பொலி என்னும் துறைமுகம் லிபியாவில் உள்ளது, லெபனானிலும் உள்ளது. மூன்று நகர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த அப்பெயரை இரண்டுமே தாங்கி நிற்கின்றன. இரண்டும் மத்தியதரைக் கடற்கரையில் உள்ளவை. லிபியாவோ இலங்கைத் தேயிலையை வாங்கும் நாடுகளுள் ஒன்று. பதிவேட்டில் திரிப்பொலி என்று மட்டும் எழுதி வைத்தால், அது எந்தத் திரிப்பொலி என்பதை எழுதியவர் ஒருவரே அறிவார். அவர் விடுமுறையிற் சென்ற நாளில் அவருடைய இடத்தில் அமர்ந்தவர் அறியார்.

இவ்விருவகை இடர்ப்பாட்டையும் நீக்குதற்கு உலக நாடுகள் ஓர் ஒழுங்கைக் கண்டன. ஜெனீவாவில் உள்ள ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு, வணிகத்திற்கும் போக்குவரத்திற்கும் உரிய இடங்களுக்குக் குறியீடு வழங்கும் பரிந்துரை ஒன்றை உருவாக்கியது. இலக்கம் 16 என்பது அப்பரிந்துரை. யுஎன் லோகோட் எனப்படும் அதன் முதற் பட்டியல் 1981ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதில் ஏறத்தாழ 8,000 இடங்கள் இருந்தன. இன்று அவை ஓரிலட்சத்திற்கும் மேற்பட்டன.

அக்குறியீட்டின் அமைப்பு எளியது. ஐந்து எழுத்துகள், முதல் இரண்டு நாட்டைக் குறிக்கும், பின் மூன்று இடத்தைக் குறிக்கும். எல், கே என்பன இலங்கை. சி, எம், பி என்பன கொழும்பு. ஐந்தும் சேர எல்கேசிஎம்பி என்பது கொழும்பின் குறியீடு. சிங்கப்பூர் எஸ்ஜிஎஸ்ஐஎன்; தூத்துக்குடி ஐஎன்டியுடி; நெதர்லாந்தின் ரொட்டர்டாம் என்எல்ஆர்டிஎம். லிபியாவின் திரிப்பொலி எல், வை என்று தொடங்கும். லெபனானின் திரிப்பொலி எல், பி என்று தொடங்கும். பெயரால் மயங்கியவை எழுத்தாற் பிரிந்துவிடுகின்றன.

மூன்று எழுத்துகளால் ஒரு நாட்டின் எல்லா ஊர்களையும் குறிக்க இயலுமா என்பதும் நியாயமான வினாவே. ஆங்கில எழுத்து 26. மூன்று மூன்றாகச் சேர்த்தால் 17,576 சேர்க்கைகள் கிடைக்கும். சிறு நாட்டிற்கு அது மிகுதி. அமெரிக்கா போன்ற பெருநாட்டிற்குப் போதாது. ஆதலின், எழுத்து முடிந்துபோன இடத்தில் 2 முதல் 9 வரையுள்ள இலக்கங்களும் சேர்க்கப்படுகின்றன. பூச்சியத்தையும் ஒன்றையும் விலக்கியது ஏன்? பூச்சியம் ஓ என்னும் எழுத்தோடும், ஒன்று ஐ என்னும் எழுத்தோடும் மயங்குமன்றோ? படிப்போன் கண்ணுக்கும் இரங்கி அமைத்த ஒழுங்கு அது.

இனி, பதிவேட்டை அமைப்பவர் கைக்கொள்ளவேண்டிய முறைகள் சில உள.

முதலாவது, குறியீட்டை நினைவிலிருந்து எழுதலாகாது, ஊகித்தும் எழுதலாகாது, வெளியிடப்பட்ட பட்டியலைப் பார்த்தே எழுதல் வேண்டும். ஊகம் எவ்வாறு ஏமாற்றும் என்பதற்குச் சென்னையே சான்று. பெயரைக்கொண்டு ஊகிப்பவர் சி, எச், ஈ என்று எழுதக்கூடும். உண்மையில் அதன் குறியீடு எம், ஏ, ஏ. மதராஸ் என்று அந்நகர் வழங்கிய காலத்து எழுத்துகள் அவை, 1996ஆம் ஆண்டில் நகரின் பெயர் சென்னையாயிற்று, குறியீடு மாறவில்லை. இரங்கூனின் செய்தி வேறு. பர்மா என்னும் நாட்டுப்பெயர் 1989ஆம் ஆண்டில் மியன்மார் ஆனபோது நாட்டைக் குறித்த பி, யு என்பன எம், எம் என மாறின. நகரின் பெயர் யங்கோன் என மாறியும், ஆர், ஜி, என் என்னும் எழுத்துகள் அப்படியே நின்றன. எனவே, எது மாறியது, எது நின்றது என்பதைப் பட்டியலே சொல்லவல்லது. அது ஆண்டுக்கு இருமுறை புதுக்கி வெளியிடப்படுவது. பதிவேடும் அதனோடு ஒத்துப் புதுக்கப்படல் வேண்டும்.

இரண்டாவது, ஓரிடத்திற்கு ஒரு பதிவே இருத்தல் வேண்டும். ஏனைய பெயர்களை அப்பதிவின் கீழ் மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துவிட்டால், மகநுவர என்று தேடுபவரும் கண்டி என்று தேடுபவரும் ஒரே பதிவை வந்தடைவர்.

மூன்றாவது, அவ்விடத்தின் தொழில் இன்னதென்று குறித்தல் வேண்டும். பட்டியலில் 1 என்பது துறைமுகம், 2 என்பது புகையிரத நிலையம், 3 என்பது வீதிப் போக்குவரத்து, 4 என்பது விமான நிலையம் என்றவாறு இலக்கங்கள் உள. இது கண்டிக்கு மிக வேண்டுவது. கண்டியிற் சரக்கு பொறுப்பேற்கப்படலாம், கப்பலில் ஏற்றப்படாது. பொறுப்பேற்கும் இடம் வேறு, ஏற்றுந் துறை வேறு என்பதைப் பில் ஒஃப் லேடிங் எனப்படும் கப்பற்சரக்குச் சீட்டே பிரித்துக் காட்டுகின்றது. பதிவேட்டை அமைப்பவர் கவனக்குறைவாற் கண்டிக்கும் துறைமுகம் என்னும் அடையாளத்தை இட்டுவிட்டால், ஏற்றுந் துறைகளின் வரிசையிற் கண்டியும் தோன்றும். விரைந்து எழுதுபவர் அதனைத் தெரிந்தெடுத்தும் விடுவார். தலதா மாளிகை முன்னுள்ள வாவியிற் கப்பல் நின்று தேயிலை ஏற்றியதாகப் பத்திரம் பேசும்! கேட்போர்க்கு நகைப்பு, சுங்கத்தில் நிற்போர்க்கோ அது நகைப்பன்று.

கொழும்பிலும் இத்தகைய மயக்கம் நேரக்கூடும். கட்டுநாயக்காவிலுள்ள விமான நிலையத்தையும் சிஎம்பி என்னும் எழுத்துகளே குறிக்கின்றன. துறைமுகமோ கொழும்புக் கோட்டையை அடுத்தது. விமான நிலையமோ வடக்கே நீர்கொழும்பை அடுத்தது. கடல்வழி, வான்வழி என்ற வேறுபாட்டைப் பதிவிற் காட்டாவிடின், லொறிச் சாரதி போகவேண்டிய வாயில் எதுவென ஐயம் பிறக்கும். மேலும், துறைமுகத்துள்ளேயும் ஜய கொள்கலன் முனையம் முதலாகப் பல முனையங்கள் உள. எந்தக் கப்பல் எந்த முனையத்தில் நிற்கும் என்பதற்கேற்பக் கொள்கலன் செல்லும் வாயிலும் மாறும். ஆதலின், துறைமுகத்தை ஒரு பதிவாகவும், முனையங்களை அதன் கீழ்ப்பட்ட பதிவுகளாகவும் அமைத்தலே தக்கது.

நான்காவது, இருப்பிடத்தைக் குறிக்கும் அகலாங்கும் நெட்டாங்கும். கொழும்புத் துறைமுகம் வடக்கு அகலாங்கு 6 பாகை 57 கலை, கிழக்கு நெட்டாங்கு 79 பாகை 51 கலை என்னும் அளவில் உள்ளது. ஒரு பாகைக்கு 60 கலை. ஆயின், சில மென்பொருள்கள் கலையை ஏற்பதில்லை. பாகையைத் தசமத்திலேயே கேட்கும். அங்கே 6.95 என்றும் 79.85 என்றும் எழுதல் வேண்டும். இதனை எண்ணாது 6.57 என்றும் 79.51 என்றும் எழுதிவிட்டால், கொழும்புத் துறைமுகம் 40 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே பெயர்ந்து, களுத்துறைக்கு மேற்கே நடுக்கடலிற் போய் விழும். பள்ளிக்கூடத்துப் புவியியற் பாடம் எதற்குப் பயன்படும் என வினவும் மாணவர்க்கு இதனினும் நல்ல விடை வேண்டுவதில்லை.

ஐந்தாவது, நேரம். கப்பல் இத்தனை மணிக்குச் சரக்கு ஏற்பதை நிறுத்தும் என்னும் அறிவிப்பு அத்துறைமுகத்தின் நேரப்படியே வரும். சிங்கப்பூரின் நேரம் இலங்கை நேரத்திற்கு இரண்டரை மணி முந்தியது. ரொட்டர்டாமிலோ ஆண்டுக்கு இருமுறை கடிகாரம் மாற்றப்படும். இலங்கையின் நேரமும் என்றும் ஒரு நிலையில் நின்றதன்று. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் அது ஒரு மணி முன் தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி பின் இழுக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஏப்ரலில் மீண்டும் பழைய ஐந்தரை மணிக் கணக்கிற்கே வந்தது. ஆகவே, மணிக்கணக்கைக் கையால் எழுதி வையாது, அவ்விடத்திற்குரிய நேர வலயத்தைத் தெரிந்தெடுத்து வைத்தலே பாதுகாப்பானது.

இவையெல்லாம் மிகையான நுணுக்கம் என்று சிலர் கருதக்கூடும். சரக்கின் சொந்தக்காரர் அங்ஙனம் கருதார். கண்டிப் புறநகரிற் சிறு முதலுடன் தேயிலையைப் பொதிசெய்து ஏற்றுமதி செய்யும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்க. அவர் ஆண்டில் அனுப்புவது சில கொள்கலன்களே. அவற்றுள் ஒன்று அமெரிக்காவுக்குச் செல்லவிருக்கின்றது. 2003ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, கொழும்பிற் கப்பலேற்றுவதற்கு 24 மணி நேரத்திற்கு முன்னரே சரக்கின் விவரம் அமெரிக்கச் சுங்கத்தை அடைந்துவிடல் வேண்டும். அவ்விவரத்தில் துறைமுகங்கள் அந்நாட்டுக்கேயுரிய இலக்கக் குறியீட்டாற் குறிக்கப்படுகின்றன; அதனையும் பதிவேட்டில் உரிய கட்டத்திற் சேர்த்து வைத்திருத்தல் வேண்டும். அது இல்லையாயினும் பிழையாயினும் விவரம் திரும்பி வரும், திருத்தி அனுப்புவதற்குள் நேரம் கடக்கும், கப்பல் போய்விடும். கொள்கலன் வெயிலில் நிற்கும். தாமதக் கட்டணம் நாட்கணக்கில் ஏறும். தேயிலையோ ஈரத்தையும் அயல் மணத்தையும் எளிதில் ஏற்கும் பண்டம். பெருமுதலாளிக்கு ஓராண்டுக் கணக்கில் இது ஒரு சிறு வரி. இவருக்கோ அடுத்த கொள்கலனுக்குரிய முதலே இதில் அடங்கியிருக்கும்.

ஆறாவது முறை, மூடப்பட்ட துறையைப் பற்றியது. பயன்பாடு ஒழிந்த ஒரு துறையைப் பதிவேட்டிலிருந்து அழித்துவிடலாமா? ஆகாது. அழித்தால், அதன் பெயரில் எழுதிய பழைய பத்திரங்கள் யாவும் இடமின்றி நிற்கும். இனிப் பயன்படாது என்று குறித்து, நாளையும் இட்டு, பதிவை அப்படியே காத்தல் வேண்டும்.

இதனை மலையகத் தமிழர்க்கு விளக்கிச் சொல்லவேண்டுவதில்லை. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914ஆம் ஆண்டில் தொடங்கிய கப்பற் சேவையை அவர்தம் முன்னோர் அறிவர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்தான், ஒக்டோபர் 30ஆம் நாள், ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதன்படி கண்டி, மாத்தளை, நுவரெலியாப் பகுதித் தோட்டங்களை விட்டுச் சென்ற குடும்பங்கள் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கின. பின்னர் அச்சேவையும் நின்றுபோயிற்று. தனுஷ்கோடியில் இன்று கப்பல் இல்லை. ஆயினும், மூத்தோர் பலரின் பெட்டிகளில் உள்ள பழைய கடதாசிகளில் அப்பெயர் இருக்கின்றது. அதனை எந்தப் பதிவேடு அழிக்கத் துணியும்? ஒரு துறை மூடுவதுபோல் மற்றொன்று திறப்பதும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்திற்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. பதிவேடு இரண்டிற்கும் இடம் அளித்தல் வேண்டும்.

இன்னுமொன்று சிந்தித்தற்குரியது. தேயிலைப் பெட்டிக்குத் தோட்டப் பெயரும், துறையும், சேரும் நகரும் தவறாது எழுதிய காலத்திலேயே, அத்தேயிலையைப் பறித்தவர் வாழ்ந்த லயத்து அறைகளுக்குத் தனி முகவரி இருக்கவில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற்கு வந்து, அங்கிருந்து கைமாறி, சிலவேளை பிந்திச் சேர்ந்தன. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் பரீட்சை முடிந்தபின் கைக்குக் கிடைத்தால், அதன் இழப்பு எத்தகையது என்பதை மலைநாட்டுப் பாடசாலைகள் நன்கு அறியும். பண்டத்திற்கு இருந்த முகவரி மனிதருக்கு இல்லாதிருந்தது.

அத்தகைய லயங்களிற் பிறந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று கல்வி கற்றுக் கணினியின் முன் அமர்கின்றனர். உலகின் துறைமுகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதியும் இத்தகைய வேலைக்கும் அவர்களே வருகின்றனர். இது புதிதாக வேலையிற் சேர்ந்தவரிடம் முதல் வாரத்தில் ஒப்படைக்கப்படும் எளிய வேலை எனச் சில இடங்களிற் கருதப்படுகின்றது. அதனாலேயே அதில் விரைவும் சலிப்பும் புகுகின்றன. ஆனால், பட்டியலைத் திறந்து பார்த்து, நாட்டை ஒத்து நோக்கி, ஐயமுள்ள இடத்தில் நிறுத்தி வினவி எழுதும் ஒருவர், தாம் காணாத ஒரு வணிகரின் முதலையும் காணாத ஒரு தொழிலாளியின் உழைப்பையும் காக்கின்றார். தம்முடைய வீட்டுக்குக் கடிதம் சேராத துன்பத்தை அறிந்தவர், பிறருடைய சரக்கு உரிய இடம் சேர்வதன் அருமையையும் அறிவாரன்றோ?

எழுத்து ஐந்தே, எழுதுவதற்கு ஆகும் நேரமும் சில நொடியே. அவ்வெழுத்துகளுக்குப் பின்னே, லூல்கந்துர மலையிலே கொழுந்து கிள்ளிய விரல்கள் முதல் தூரத்துத் துறையிலே பெட்டியைத் திறக்கும் கைகள் வரை எத்தனையோ பேருடைய உழைப்பு வரிசையாக நிற்கின்றது. அவ்வரிசை அறாதிருக்க வேண்டுமாயின், இடத்தின் பெயரைத் திருத்தமாக எழுதல் வேண்டும். ஐயம் உண்டாயின் எழுதுமுன் கேட்டறிதல் வேண்டும்.